போதை அறி அட்டை: வினாவா, தீர்ப்பா?

கல்லூரித் தோழர் சிலர் முதுமையில் ஒன்றுகூடினால், பேச்சு முதலிற் பழைய ஆசிரியர்களைப் பற்றியதாகவே எழும். பின்னர் அது விளையாட்டுப் போட்டிகளிற் சென்று, தத்தம் நோய்களிலே சிறிது தங்கி, ஈற்றிற் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பற்றிய கவலையில் வந்து முடியும். அக்கவலைகளுள் இன்று முன்னிற்பது போதைப்பொருள். ஹெரோயினும், ‘ஐஸ்’ எனப்படும் மெதாம்பெற்றமினும், கஞ்சாவும், போதை மாத்திரைகளும் நம் பட்டினங்களையும் கிராமங்களையும் எட்டிவிட்டன என்பதை ஆசிரியர் அறிவர், பெற்றோர் அறிவர், மாணவர் நம்மிலும் நன்கறிவர்.

இக்கவலைக்கு மருந்துபோல ஒரு சிறு அட்டை சந்தைக்கு வந்துள்ளது. சிறுநீரில் அதனைச் சிறிது தோய்த்தெடுத்தால், ஐந்து நிமிடத்துள் இன்ன போதைப்பொருள் உண்டு, இன்னது இல்லை என்று கோடுகளாற் காட்டிவிடுமாம். விலையும் பெரிதன்று, இணையத்தில் வேண்டுவோர் எவரும் வாங்கலாம். பெற்றோர் சிலர் அதனை அலுமாரியில் வைத்திருக்கின்றனர். தொழிலகங்களில் வேலைக்கு வருவோரை அதனாற் சோதிக்க வேண்டும் என்பாரும், பாடசாலைகளுக்கும் அது வரவேண்டும் என்பாரும் நம்மிடையே உளர்.

வைத்திய ஆய்வுகூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்னும் முறையில், இம்மலரின் வாசகர்க்கு யான் சொல்ல விழைவது ஒன்றே. இவ்வட்டை ஒரு வினாவை எழுப்ப வல்லது. தீர்ப்புக் கூற வல்லதன்று. வினாவைத் தீர்ப்பெனக் கொண்டால், வீட்டிற் பிள்ளையையும் தொழிலகத்தில் நல்ல தொழிலாளியையும் வீணே இழக்க நேரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, என் வகுப்புத் தோழர் ஒருவரின் மனைவியார் என் வீட்டுக்கு வந்தார். கைப்பையினின்றும் கடதாசியிற் சுற்றிய ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். “அண்ணை, இதைப் பார்த்துச் சொல்லுங்கோ. இவர் தம்பியை வீட்டை விட்டுப் போகச் சொல்லிப்போட்டார்” என்றார். அதற்கு மேல் அவராற் பேச இயலவில்லை.

நடந்தது இதுதான். கொழும்பிற் படித்துவந்த மகன் விடுமுறைக்கு வீடு வந்திருந்தான். உடல் மெலிந்திருந்தது, இரவில் உறக்கமில்லை, கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். தந்தையார் ஐயுற்று, அட்டையொன்றை வரவழைத்து, மகனைக் கட்டாயப்படுத்திச் சோதித்தார். மெதாம்பெற்றமின் என்ற பெயருக்கு நேரே மெல்லிய கோடொன்று தோன்றியது. கொரோனாக் காலத்தில் வீட்டிற் செய்த சோதனையில், மங்கலாயினும் இரண்டாவது கோடு தோன்றினால் நோயுண்டு என்று கற்றிருந்த அவர், இதனையும் அவ்வாறே வாசித்தார். அன்றிரவே மகன் வெளியேறினான்.

போதைப்பொருளைச் சோதிக்கும் இவ்வட்டையில் முறை நேர்மாறானது. கோடு தோன்றினால் அப்பொருள் இல்லை என்பது பொருள். தோன்றாவிட்டாலே ஐயத்துக்கு இடமுண்டு. கோடு மங்கலாயினும் கோடே. ஆகவே, அந்த அட்டை அப்பிள்ளைக்குச் சார்பாகவே பேசியிருந்தது. மூன்றாம் நாட் காலைப் புகையிரதத்தில் தந்தையார் கொழும்பு சென்று, நண்பனொருவனின் அறையிற் கிடந்த மகனை அழைத்து வந்தார். இரண்டு பாடங்களிற் சித்தியெய்தாததை வீட்டாரிடம் சொல்ல அஞ்சியே அவன் உறக்கம் இழந்திருந்தான் என்பது பின்னர்த்தான் வெளிப்பட்டது. தந்தையும் மகனும் இன்று பேசிக்கொள்கின்றனர். ஆயினும் அந்த மூன்று நாள்களைப் பற்றி அவ்வீட்டில் ஒருவரும் வாய்திறப்பதில்லை. தோழரைக் குறைகூற இதனை எழுதினேனல்லேன். இன்னொரு வீட்டில் இது நிகழலாகாது என்று கூறி எழுதச் சொன்னவரே அவர்தாம்.

கோடு ஏன் இவ்வாறு தலைகீழாக நிற்கின்றது என்பதை மாணவர் அறிந்துகொள்ளல் நன்று. அட்டையினுள்ளே ஒரு நீண்ட தாள் உண்டு. அதன் ஒரு முனையில் நிறமூட்டிய பிறபொருளெதிரிகள் உலர்ந்த நிலையில் இருக்கும். கோடு தோன்றவேண்டிய இடத்தில் அந்தப் போதைப்பொருளே சிறிதளவு பதிக்கப்பட்டிருக்கும். சிறுநீர் தாளில் ஊறிச் செல்லும்போது பிறபொருளெதிரிகளையும் உடன்கொண்டு செல்லும். சிறுநீரிற் போதைப்பொருள் இல்லையெனின், அவை கோட்டிற் பதித்த பொருளோடு ஒட்டிக்கொள்ள, நிறம் தோன்றும். சிறுநீரிற் போதைப்பொருள் நிறைந்திருப்பின், அவை வழியிலேயே அதனோடு பிணைந்துவிடும். கோட்டில் ஒட்ட எதுவும் எஞ்சாது. ஆகவே நிறமும் தோன்றாது. இவற்றோடு கட்டுப்பாட்டுக் கோடு என்று தனியே ஒன்றுண்டு. அது தோன்றாவிடின் அட்டையே பழுதென்று எறிந்துவிட வேண்டும். குறித்த நேரம் கடந்தபின் வாசித்த அட்டையும் அவ்வாறே பயனற்றது.

இந்நுட்பத்தின் மூலம் பெருமைக்குரியது. பிறபொருளெதிரிகளைக் கொண்டு குருதியிலுள்ள நுண்ணிய பொருள்களை அளக்கும் முறையை 1950களின் இறுதியில் அமெரிக்காவில் றொசலின் யாலோ என்னும் பெண்மணியும் சொலமன் பேர்சனும் இன்சுலினை அளப்பதற்காக வகுத்தனர். அதற்காக யாலோ 1977இல் நோபெல் பரிசு பெற்றார். பேர்சன் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். நோயாளிக்கு உதவப் பிறந்த கலை இவ்வாறு மெல்ல மெல்லக் காவலாளியின் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

போதைப்பொருட் சோதனை பெருந்தொகையானோர் மீது முதன்முதல் நடத்தப்பட்ட கதை ஈண்டு நினைக்கத்தக்கது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் போர்வீரரிடையே ஹெரோயின் பரவியதையறிந்த சனாதிபதி நிக்சனின் அரசு, 1971இல், நாடு திரும்பும் வீரர் அனைவரும் புறப்படுமுன் சிறுநீர்ச் சோதனைக்கு உட்படவேண்டும் என விதித்தது. போதைப்பொருள் காணப்பட்டவர் சிலநாட் சிகிச்சை பெற்ற பின்னரே விமானம் ஏற விடப்பட்டனர். அவர்கள் வீடு சென்றபின் என்ன ஆயினர் என்பதை லீ றொபின்ஸ் என்னும் ஆய்வாளர் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்தோருட் பெரும்பாலோர் வீடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையாகவில்லை என்பதை அவர் கண்டார். போதைக்கு ஒருமுறை ஆட்பட்டவன் என்றும் மீளான் என்ற எண்ணம் அதனால் ஆட்டங்கண்டது. சூழல் மாறினால், உறவு சூழ்ந்திருந்தால், மனிதன் மீள்கின்றான். பிள்ளையை வெளியே தள்ளிக் கதவை அடைக்கும் பெற்றோர், அவன் மீள்வதற்குரிய இடத்தையே அடைக்கின்றனர்.

இனி, இவ்வட்டை அறியாதவை எவை எனக் காண்போம். முதலாவது, ‘இல்லை’ என்று அது கூறும்போது ஒருசிறிதும் இல்லை என்று கூறவில்லை. ஓர் எல்லைக்குக் கீழே உள்ளது என்றே கூறுகின்றது. அமெரிக்க மத்திய அரசின் விதிகளிற் கஞ்சாவுக்குரிய முதற்சோதனை எல்லை மில்லிலீற்றருக்கு 50 நனோகிராம், மெதாம்பெற்றமினுக்கு 500. ஒரு நனோகிராம் கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வெல்லைகள் மனிதர் வகுத்தவை, மாற்றத்தக்கவை. அபினினப் பொருள்களுக்கு 300 ஆக இருந்த எல்லையை அந்நாட்டார் 1998இல் 2000 ஆக உயர்த்தினர். அபின்செடியின் விதையாகிய கசகசா தூவிய உரொட்டியைத் தின்றவரும் ஐயத்துக்கு ஆளானதே அதற்கொரு காரணம். நம்மவர் சர்பத்திலிடும் கசகசா துளசியினத்து விதை. அதனால் இத்தொல்லை இல்லை.

இரண்டாவது, அட்டை ஆள்மாறாட்டத்துக்கு ஏமாறும். தடிமனுக்கு எடுக்கும் சூடோஎபெட்ரீன், கருவுற்ற தாய்மாரின் உயர் குருதியமுக்கத்துக்குக் கொடுக்கும் லபெற்றலோல் ஆகியன அம்பெற்றமின் கோட்டை மறையச் செய்யலாம். லெவோபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர்கொல்லிகள் அபினினக் கோட்டை மறைக்கலாம். வைத்தியர் கொடுத்த கொடெயின் கலந்த இருமற் பாணியைக் குடித்தவரிடம் அபினினப் பொருள் உண்மையாகவே காணப்படும்; ஆனால் அவர் குற்றவாளியல்லர்.

மூன்றாவது, அட்டையிற் பெயரில்லாத பொருளை அது காணாது. மோர்பினை நாடும் கோடு ட்ரமடோலையும் பென்ரனிலையும் பெரும்பாலும் அறியாது. நரம்பு நோவுக்குரிய பிரீகபலின் மாத்திரை சாதாரண ஐந்துவகை அட்டைகளில் இடம்பெறுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலே, மாதந்தோறும் அட்டை ‘இல்லை, இல்லை’ என்று கூற, பெற்றோர் நிம்மதியாக இருந்தனர். பிள்ளையோ அட்டையறியாத மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தான். பொய்க்குற்றம் ஒரு வீட்டைக் குலைத்ததுபோலப் பொய்நிம்மதி மற்றொரு வீட்டைக் குலைத்தது.

நான்காவது, காலம். ஐஸ் பயன்படுத்தியவரின் சிறுநீரில் அது பொதுவாக இரண்டு முதல் நான்கு நாள் வரை தெரியும். கஞ்சாவை எப்போதாவது புகைத்தவரிடம் ஏறத்தாழ மூன்று நாளும், நாள்தோறும் புகைத்தவரிடம் ஒரு மாதமும் அதற்கு மேலும் தெரியக்கூடும். ஆகவே, அட்டை கூறுவது சென்ற நாள்களைப் பற்றியே. இந்நேரத்தில் ஒருவன் மயக்கத்தில் உள்ளானா, தெளிந்த அறிவோடு உள்ளானா என்பதை அது அறியாது. மதுவுக்குச் செய்யும் சுவாசச் சோதனை இப்போதுள்ள அளவைக் காட்டுவது. இதனை அதனோடு ஒப்பிடல் பிழை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் பேர் வேலைசெய்யும் ஒரு தொழிலகத்தைக் கற்பனை செய்வோம். அவருள் இருபது பேர் போதைப்பொருள் பயன்படுத்துவோர் எனக் கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லும் நல்ல அட்டையாற் சோதித்தால், இருபதின்மருட் பத்தொன்பதின்மர் அகப்படுவர். எஞ்சிய 980 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம், அதாவது 49 பேர், தவறாக அகப்படுவர். வரிசையில் நிறுத்தப்படும் 68 பேருட் பயன்படுத்தியவர் 19 பேரே. எஞ்சியோர் அறவே தொடாதவர்கள். கணிதம் கற்ற நம் மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். அட்டை பழுதானது என்பது இதன் கருத்தன்று. அட்டைக்குப்பின் இன்னொரு சோதனை இன்றியமையாதது என்பதே கருத்து. ஆய்வுகூடத்தில் திணிவு நிறமாலைமானியைக் கொண்டு செய்யும் உறுதிச்சோதனை, பொருளின் மூலக்கூற்றையே நிறுத்து அடையாளம் காணும். அந்தச் சோதனை முடியும் வரை ஒருவரைக் குற்றவாளி என்றல் அறமாகாது.

அவ்வாறாயின் தொழிலகங்களிற் சோதனையே வேண்டாமா எனின், அவ்வாறு கூறேன். 1987ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே சேஸ் என்னுமிடத்தில், நிறுத்தக் குறியைக் கடந்து வந்த புகையிரத இயந்திரங்களோடு பயணிகள் புகையிரதமொன்று மோதிப் பதினாறு பேர் மாண்டனர். இயந்திரத்தைச் செலுத்தியவர் கஞ்சா புகைத்திருந்தார். போக்குவரத்துத் தொழிலாளரைச் சோதிக்கும் சட்டம் 1991இல் அந்நாட்டில் நிறைவேறுவதற்கு இவ்விபத்து ஒரு முக்கிய காரணமாயிற்று. நூறு உயிர்களைப் பின்னே ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுபவர் தம் உடலைப் பற்றி எவரும் கேட்கலாகாது என்று சொல்ல இயலாது.

ஆயினும் அந்நாட்டார் வகுத்த முறையை முழுவதும் நோக்க வேண்டும். சிறுநீர் இரண்டு போத்தல்களிற் பிரித்து முத்திரையிடப்படும். உறுதிச்சோதனையின் பின்னரும் முடிவு நேரே முதலாளியிடம் செல்வதில்லை. அதற்கென நியமித்த வைத்தியர் ஒருவர் தொழிலாளியை அழைத்து, அவர் உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டறிந்த பின்னரே முடிவு வெளியாகும். தொழிலாளி ஏற்காவிடின், 72 மணித்தியாலத்துள் இரண்டாவது போத்தலை வேறோர் ஆய்வுகூடத்திற் சோதிக்குமாறு கேட்கலாம். சர்வதேசத் தொழில் அமைப்பு 1996இல் வெளியிட்ட நடைமுறைக் கோவையும், மதுவையும் போதைப்பொருளையும் சார்ந்த சிக்கல்களை ஏனைய நோய்களைப் போலவே கருதவேண்டும் என்று கூறுகின்றது. இக்காவல்கள் யாவற்றையும் விட்டுவிட்டு அட்டையை மட்டும் கடன்வாங்குவது, மருந்தை விட்டுவிட்டு ஊசியை மட்டும் வாங்குவது போலாகும்.

பழைய மாணவருட் பலர் இன்று தொழிலகங்களை நடத்துகின்றனர். திணைக்களங்களில் உயர்பதவி வகிக்கின்றனர். அவர்களிடம் யான் கேட்பது இது. பிறர் உயிர் எவர் கையில் உள்ளதோ அவரை மட்டும் சோதியுங்கள். கணக்குப்புத்தகம் எழுதுபவரை ஏன் சோதிக்கவேண்டும்? விதியை முன்கூட்டியே எழுதி அனைவர்க்கும் அறிவியுங்கள். சாரதிக்குள்ள விதி முகாமையாளர் வாகனம் ஓட்டும்போது அவருக்கும் இருக்கட்டும். அட்டை ஐயத்தைக் காட்டினால், ஆபத்தான வேலையினின்றும் சம்பளத்தோடு விலக்கி, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருங்கள். முடிவு உறுதியானால் சிகிச்சைக்கு விடுப்புக் கொடுத்து, குணமடைந்து வந்தவரை மீண்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பதினாறு மணித்தியாலம் தொடர்ந்து வண்டி ஓட்டிய சாரதியின் களைப்பை எந்த அட்டையும் காட்டாது என்பதையும் மறவாதீர்கள். விழித்திருப்பதற்காகவே போதையை நாடும் சாரதியைத் தண்டித்துவிட்டு, அவரை அந்நிலைக்குத் தள்ளிய நேரசூசியை மாற்றாது விடுவது நீதியன்று.

வீட்டு வேலைத்தலத்தினும் நுண்ணியது. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் வீட்டிற் சோதிப்பது பற்றி அமெரிக்கக் குழந்தைநல வைத்தியக் கழகம் 2007இல் தன் ஐயப்பாட்டை வெளியிட்டது. நன்மை நிறுவப்படவில்லை என்பதும், பெற்றோர் பிள்ளை உறவு கெடலாம் என்பதும் அதன் கருத்துக்கள். சோதனையைச் செவ்வனே செய்ய வேண்டுமாயின் சிறுநீர் கழிப்பதை ஒருவர் கண்காணிக்க வேண்டும். அன்றேல் நீர் கலக்கலாம், பிறர் சிறுநீரைக் கொடுக்கலாம். பதினாறு வயது மகனைத் தந்தை அவ்வாறு காவல்செய்த பின், அவன் தன் துயரை எவரிடம் சொல்வான்?

பிள்ளையின் போக்கில் மாற்றம் கண்டால் முதலிற் பேசுங்கள். உறக்கமின்மை, மெலிவு, தனிமை, பணம் காணாமற்போதல் ஆகியன போதையின் குறிகளாகலாம்; மனச்சோர்வின் குறிகளுமாகலாம்; பரீட்சைப் பயத்தின் குறிகளுமாகலாம். பேசியபின் ஐயம் நீங்காவிடின் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். அட்டைக்கும் ஓரிடம் உண்டு. போதையை விட்டுவிட்டேன் என்று கூறும் பிள்ளை, வைத்தியரின் வழிகாட்டலில், தானே விரும்பி அதனைச் செய்து காட்டுவானாயின், அஃது அவன் உறுதிக்கு ஊன்றுகோலாகும். அங்கே அவன் சோதிக்கப்படுபவனாக மட்டுமன்றி, தன் வெற்றியைத் தானே காண்பவனாகவும் இருக்கின்றான்.

நம் கல்லூரியைப் பற்றியும் ஒரு சொல். மாணவரை வரிசையில் நிறுத்தி அட்டை நீட்டும் நாள் இங்கே வரலாகாது என்பது என் வேண்டுகோள். விளையாட்டு மைதானம் மாலைதோறும் திறந்திருக்கட்டும். மாணவன் அஞ்சாது அணுகத்தக்க ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு வகுப்புக்கும் இருக்கட்டும். தவறியவன் திரும்பி வந்தால் அவன் இருக்கை அவனுக்காகக் காத்திருக்கட்டும். பழைய மாணவர் சங்கம் பொருளுதவி செய்வதாயின், அட்டைப்பெட்டிகளுக்கன்றிப் பயிற்சிபெற்ற உளவளத் துணையாளர் ஒருவரின் சம்பளத்துக்குச் செய்யட்டும்.

என் மேசைமேல் அன்று வைக்கப்பட்ட அட்டையை யான் எறியவில்லை. அதன் கோடு இப்போது முற்றாக மங்கிவிட்டது; இன்று பார்ப்பவர், கோடில்லை, ஆகவே குற்றம் உண்டு என்று வாசிக்கவும் கூடும். ஐந்து நிமிடத்துக்கு மட்டும் உண்மை கூறத்தக்க ஒரு தாளை நம்பி, பதினெட்டு ஆண்டுகள் நம் கண்முன் வளர்ந்த பிள்ளையை நம்பாமல் விடுவது தகுமா என்பதை வாசகர் தாமே எண்ணிப் பார்ப்பாராக.